கரிசலில் ஒரு ஹெரால்டு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் வீடு வாங்குகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லும் புத்திமதி, "கோடையில் வீட்டுக்குத் தண்ணீர் விடுங்கள்" என்பதுதான். செடிகொடிக்கு இல்லை, வீட்டுக்கு. அஸ்திவாரத்தைச் சுற்றிப் பொத்தல் குழாயைப் போட்டு, மண் காய்ந்து வெடித்துவிடாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் மண் சுருங்கும், கான்கிரீட் தளம் ஒரு பக்கமாக இறங்கும், சுவர் விரிசல் விடும், கதவு சாத்தாது. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இந்த மண் எனக்குத் தெரியும். இது கரிசல்.

வீட்டையே அசைக்கிற மண் ரோட்டை மட்டும் விட்டுவைக்குமா? இந்த ரோடுகளில்தான் நான் ஒரு 1962 டிரையம்ஃப் ஹெரால்டை ஓட்டுகிறேன். என்னைவிட வயதில் மூத்த கார். "இந்தக் குண்டுகுழியில் அந்தக் காரை எதற்கு இறக்குகிறீர்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதாயிற்றே!" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மோசமான ரோடு பழைய காருக்குப் புதிய எதிரி இல்லை. அந்தக் கார் பிறந்ததே அப்படிப்பட்ட ரோடுகளுக்காக. அதைக் கெடுப்பது இரண்டு விஷயங்கள்: காய்ந்துபோன ரப்பர், ஓட்டுகிறவரின் அவசரம். இரண்டையும் நம்மால் சரிசெய்ய முடியும்.

மண் செய்யும் வேலை

டெக்சஸின் வடக்கு எல்லையில் ஓடும் ரெட் ஆற்றிலிருந்து சான் அன்டோனியோ வரை நீண்டு கிடக்கிறது 'பிளாக்லேண்ட் பிரெய்ரி' என்னும் கருமண் நிலம். டல்லாஸ், பிளானோ, மெக்கின்னி எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. இங்கே அதிகம் காணப்படும் மண்வகைக்கு 'ஹூஸ்டன் பிளாக்' என்று பெயர். மண்ணியலில் இதுவும் நம் கரிசலும் ஒரே இனம், வெர்டிசால். தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கிக் கைநுழையும் அகலத்துக்கு வெடிக்கும் களிமண் இதில் நிறைய. இரண்டு ஊரிலும் இந்த மண்ணை நம்பிப் பருத்தி போட்டார்கள். கோவில்பட்டியில் 1901-லேயே பருத்திக்காக அரசு ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியது. பிளானோ இருக்கும் காலின் கவுண்டியிலும் அந்தக் காலத்தில் பருத்திதான் பணப்பயிர். இன்று அந்த நிலத்தில் டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகமும், நம்மவர்கள் வேலை பார்க்கும் அலுவலகங்களும் நிற்கின்றன. மேலே எதைக் கட்டினாலும் அடியில் இருப்பது அதே மண்.

பிளானோவின் தெருக்கள் பெரும்பாலும் கான்கிரீட். பாளம் பாளமாக வார்த்து, இடையில் இணைப்பு விட்டிருப்பார்கள். போடும்போதே அடியிலுள்ள களிமண்ணில் சுண்ணாம்பைக் கலந்து அதன் துள்ளலை அடக்குவது இங்கே வழக்கம். இருந்தாலும் காலப்போக்கில் இணைப்புகளின் வழியே மழைத்தண்ணீர் இறங்குகிறது. கனமான வண்டி ஏறும்போதெல்லாம் பாளம் அழுந்தி, அடியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரை இணைப்பு வழியாகப் பீய்ச்சி வெளியேற்றுகிறது. தண்ணீரோடு மண்ணும் போகிறது. அடியில் வெற்றிடம் உண்டாகி, பாளத்தின் ஒரு முனை இறங்க, அடுத்த பாளத்தின் விளிம்பு படிபோல் நிற்கிறது. காரில் போகும்போது வரும் 'டக்-டக், டக்-டக்' அந்தப் படிகளின் சத்தம். மாநகராட்சி உடைந்த பாளங்களை அறுத்தெடுத்துப் புதிதாக வார்த்துக்கொண்டே இருக்கிறது. மண்ணும் அசைந்துகொண்டே இருக்கிறது.

ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் கதை மாறும். பார்க்கர் ரோட்டில் போய், 'டல்லாஸ்' தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்ற சவுத்ஃபோர்க் பண்ணையைக் கடந்து, லவான் ஏரிக்கு அந்தப் பக்கம் ஃபார்மர்ஸ்வில் திசையில் திரும்பினால் தார் ரோடுகள், அதற்கும் அப்பால் சரளை ரோடுகள். தார் ரோட்டில் கோடைதோறும் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடும். ரோட்டுக்கு அடியில் ஈரம் தங்கியிருக்க, ஓரத்து மண் மட்டும் காய்ந்து சுருங்கி வெளிப்பக்கமாக இழுப்பதால் வருவது அது. 2011 கோடையில் டல்லாஸில் 71 நாட்கள் வெயில் 100 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 38 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். 2021 பிப்ரவரியில் அதே ஊர் நாள்கணக்கில் உறைந்து கிடந்தது. அப்படிச் சுட்டும் உறைந்தும் எந்த ரோடு ஒழுங்காக இருக்கும்?

ரோட்டைக் கெடுப்பதில் என் காருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை இல்லினாய்ஸ் மாநிலத்து ஒட்டாவா அருகே சோதனை ரோடுகள் போட்டு, இரவுபகலாக லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த விதி: அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் சுமார் 16 மடங்காகும். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ, அச்சுக்கு 400 கிலோ. லாரியின் ஓர் அச்சில் 8,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் பாரம் 20 மடங்கு, சேதம் 1,60,000 மடங்கு. ஆக, என் காரால் பிளானோவுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

சேற்றில் பிறந்த கார்கள்

இன்றைய ரோடுதான் மோசம் என்று நாம் நினைக்கிறோம். 1908-இல் ஃபோர்டு மாடல் டி வந்தபோது அமெரிக்காவின் கிராமப்புறங்களில் ரோடு என்பதே சேறுதான். அதனால் அந்தக் கார் உயரமாக நின்றது, சக்கரங்கள் தாராளமாக ஏறி இறங்கின, வனேடியம் கலந்த எஃகு எடையைக் குறைத்து உறுதியைக் கூட்டியது. 1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒரு வாகன அணியை அனுப்பிப் பார்த்தது. போய்ச்சேர 62 நாட்கள் ஆயின. அந்த அணியில் போன இளம் அதிகாரி ஐசனோவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவராகி, 1956-இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்குக் கையெழுத்திட்டார். டெக்சஸில் விவசாயியைச் சேற்றிலிருந்து கரையேற்ற 'பண்ணையிலிருந்து சந்தைக்கு' என்ற பெயரில் ரோடுகள் போட்டார்கள். முதலாவது 1937-இல் ரஸ்க் கவுண்டியில் முடிந்தது, நீளம் 5.8 மைல். இன்று அந்த வகை ரோடுகள் 40,000 மைலுக்கு மேல். பலகையில் 'எஃப்.எம்.' என்ற எழுத்துகளும் எண்ணும் இருந்தால் அது இந்த வம்சம். பிளானோவிலிருந்து வைலிக்குப் போகும் எஃப்.எம். 544-உம் அதில் ஒன்று.

ஹெரால்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி வடிவமைக்க, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. அப்போதே பல கார்கள் சேசிஸ் இல்லாத ஒற்றைக் கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சேசிஸும், அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய உடலுமாக வந்தது. உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி போட்டியாளரின் கைக்குப் போய்விட்டதால், துண்டு துண்டாகச் செய்து மாட்டும் வழியை டிரையம்ஃப் பிடித்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்முன்னே கிடக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். இங்கிலாந்தில் வாங்கியவர்களுக்கு இதெல்லாம் வசதி. ரிப்பேருக்கு ஊர் ஊராக அலைய முடியாதவர்களுக்கு இது வரம்.

அப்படிப்பட்டவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். எட்டயபுரம் பக்கம் வைத்தியம் பார்த்தவர். மெட்ராஸைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இதே காரைத் தயாரித்தது. பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகம் நிற்கிறது. மாமா அந்தக் காரில்தான் கரிசல் காட்டுக் கிராமங்களுக்குப் போய்வருவார். மழைக்காலத்தில் கரிசல் சேறு டயரில் அப்பி மட்கார்டு வரை அடைத்துக்கொள்ளும். இறங்கிக் குச்சியால் குத்திவிட்டு மறுபடி புறப்படுவார். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். "ரோட்டுக்குப் பாடம் நடத்தாத தாயி. ரோட்டக் கேட்டுக்கிட்டு வண்டிய விடு" என்பார்.

அந்த ரோடுகள் காரையே மாற்றின. ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் 'ஸ்விங் ஆக்சில்' வகை. நடுவில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு நிற்கும். இரு பக்கமும் அரை அச்சுகள் அதிலிருந்து இறக்கைபோல் ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது பாதிக்கப்படாது, நேர்ரோட்டில் சுகமான பயணம். ஆனால் பாரம் ஏற்றும்போதும் மேடு தாண்டும்போதும் சக்கரத்தின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். இதே வகை அச்சு கொண்ட செவர்லே கோர்வேரைப் பற்றித்தான் ரால்ஃப் நாடர் 1965-இல் வெளிவந்த தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். இந்தியாவில் வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அச்சு பிடிக்கவில்லை. மெட்ராஸ் கம்பெனி முதலில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிறகு 1970களின் தொடக்கத்தில் வந்த 'கெஸல்' மாடலில் ஸ்விங் ஆக்சிலையே கழற்றிவிட்டு, அம்பாசிடர்போல் ஒரே உருளை அச்சைப் பொருத்தியது. இங்கிலாந்தில் பிறந்த காரை நம் ஊர் ரோடு திருத்தி எழுதிய கதை இது.

பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகிறது

சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதால் பெரிய சேதம் வராது. எதிர்க்கரையில் மோதும்போதுதான் அடி விழுகிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 60 மைல் வேகத்தில் ரிம்மை வளைக்கிற பள்ளம், 30 மைலில் ஒரு குலுக்கலோடு விட்டுவிடும்.

அந்த அடியை முதலில் வாங்குவது டயர். இந்த விஷயத்தில் பழைய காருக்கு ஒரு சாதகம் உண்டு. ஹெரால்டின் 13 அங்குல ரிம்மில் 145/80 அளவு டயர் போட்டிருக்கிறேன். ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையே 116 மில்லிமீட்டர் ரப்பர்ச் சுவர். என் மகனுடைய புதிய காரில் 20 அங்குல ரிம், 245/35 டயர். சுவர் 86 மில்லிமீட்டர்தான், காரின் எடையோ என் காரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பாளம் இறங்கிய இடத்தில் அவன் காரின் அலாய் ரிம் விரிசல் விட்டது. அதே இடத்தை என் கார் மெதுவாகத் தாண்டிவிடுகிறது. இரும்பு ரிம் வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் டயருக்கு வயது உண்டு. பூ தேயாமல் புதிதுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பழைய கார்கள் அதிகம் ஓடாததால் டயர் தேயாமலே கிழமாகிவிடும். பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதுக்கு மேல் கவனம் தேவை. பத்தைத் தாண்டினால் பேச்சுக்கு இடமில்லை, மாற்றுங்கள்.

அடுத்தது புஷ்கள். சஸ்பென்ஷன் கைகள் சேசிஸோடு சேரும் இடங்களில் எல்லாம் சிறு ரப்பர் உருளைகள் இருக்கும். டெக்சஸ் வெயிலில் அவை காய்ந்து வெடிக்கின்றன. ரப்பர் போனால் இரும்போடு இரும்பு மோதும், ஸ்டியரிங் தள்ளாடும். பாலியூரிதேனில் செய்த புஷ்கள் நீண்ட நாள் உழைக்கும் என்று பலர் அவற்றை மாட்டுகிறார்கள். பந்தயத்துக்கு அது சரி. குண்டுகுழி ரோட்டுக்கு எனக்கு ரப்பரே பிடிக்கிறது. அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, சேசிஸுக்குக் குறைவாகவே அனுப்புகிறது.

ஹெரால்டுக்கே உரிய ஒரு கண்டம் முன்சக்கரத்தில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனை மரைபோட்டது. அது டிரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் இறுகி மரையை எட்டாமல் போகும், உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். அப்புறம் ஒருநாள் பள்ளத்தில் விழும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். டல்லாஸ் வட்டாரத்து ரெட் ரிவர் டிரையம்ஃப் கிளப்காரர்களைப்போல் உலகெங்கும் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் கூடினால் கட்டாயம் பேச்சில் வரும் விஷயம் இது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். என் காரில் பிரேக் ஆயில் ஒரே வழித்தடம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய் ஒன்று கல்லடிபட்டுக் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஒரு தடம் போனாலும் மற்றொன்று காப்பாற்றும் இரட்டைத் தடம் 1960களின் இறுதியில்தான் அமெரிக்காவில் கட்டாயமானது. அதனால் பிரேக் குழாய்களைக் கெடும் முன்பே மாற்றிவிடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்து மிதி பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஹேண்ட் பிரேக் கேபிள் தனி என்பதால் அதையும் இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு இருப்பது அது ஒன்றுதான்.

பெட்ரோல் குழாயையும் மறக்கக் கூடாது. இங்கே பங்கில் விற்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. 1962-இல் செய்த ரப்பரை எத்தனால் அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் புதுக்குழாய் விலை அதிகமில்லை. மோசமான ரோட்டில் குலுங்கும் காரில், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஓட்டும் முறை

"பள்ளத்தக் கண்டா பிரேக்க முன்னாலயே புடிச்சு முடிச்சிரணும் தாயி. பள்ளத்துக்குள்ள கால எடுத்துரு." மாமா சொன்ன இதற்குள் பெரிய இயந்திரவியல் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்ந்து, முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிவிடும். அந்த நிலையில் பள்ளம் வந்தால் அமுங்க மிச்ச இடம் இருக்காது, அடி நேராகச் சேசிஸுக்குப் போகும். சுழலாமல் இறுகிய சக்கரம் எதிர்க்கரையில் ஏறாது, முட்டும். முன்கூட்டியே வேகம் குறைத்து, பள்ளத்துக்கு முன் காலை எடுத்துவிட்டால் ஸ்பிரிங் நிமிர்ந்து தன் முழு வேலையைச் செய்யும்.

முன்கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் முன்கூட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போனால் ரோடு தெரியாது. நல்ல இடைவெளி விட்டு, அந்த வண்டியின் சக்கரம் எங்கே துள்ளுகிறது என்று பார்த்தால் பள்ளம் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தை ஆழம் தெரியாத குழி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம் பிரேக் நனைந்தால் சற்று நேரம் பிடிக்காது. தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்சதூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும்.

பிளானோவில் நிறைய வீடுகளுக்குக் கராஜ் பின்பக்கம், குறுகிய கான்கிரீட் சந்து வழியாகத்தான் போக வேண்டும். மழைநீர் ஓடுவதற்காகச் சந்தின் நடுவைத் தாழ்வாக வார்த்திருப்பார்கள். தெருவும் சந்தும் சேரும் தாழ்வில் நேராக இறங்கினால் சைலன்சர் உரசும். சற்றே கோணலாக, ஒரு சக்கரம் இறங்கிய பின் அடுத்த சக்கரம் என்று இறங்கினால் தப்பிக்கலாம்.

தார் ரோட்டின் ஓரத்தில் மண் தாழ்ந்து, ரோட்டின் விளிம்பு படியாக நிற்கும் இடங்கள் இங்கே உண்டு. சக்கரம் அதிலிருந்து கீழே இறங்கிவிட்டால் பதறிப்போய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. டயர் விளிம்பில் ஏறிய மாத்திரத்தில் கார் எதிர்ப்பக்கம் பாயும், ஸ்விங் ஆக்சில் காரில் அது கவிழ்வதற்கான வழி. வேகம் குறையும் வரை நேராகவே போய், பிறகு நிதானமாக ஏற வேண்டும்.

சரளை ரோட்டில் குறுக்காக அலை அலையாக மேடுபள்ளம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். 2007-இல் பிரிட்டன், கனடா, பிரான்ஸ் விஞ்ஞானிகள் மணலில் சக்கரத்தைச் சுற்றவிட்டு இதை ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் அந்த அலைகள் தானாகவே உருவாகின்றன, வேகம் அதற்குக் குறைந்தால் உருவாவதில்லை என்று கண்டார்கள். புதிய கார்க்காரர்கள் வேகமாகப் போய் அலையின் முதுகின் மேலேயே மிதந்துவிடுவார்கள். பழைய கார் அப்படிச் செய்தால் நட்டும் போல்ட்டும் கழன்றுவிடும், சக்கரமும் தரையை விட்டு விட்டுத் தொடுவதால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்காது. மெதுவாகப் போவதே வழி. கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் கல்லில் மோதினால் வளையம் சட்டென்று சுழன்று விரலை ஒடித்துவிடும்.

வீடு திரும்பியதும் என் வழக்கம் ஒன்று உண்டு. முன்மூடியைத் திறந்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவேன். உடலைச் சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்கள், எஞ்சின் மவுண்டுகள், ஷாக் அப்சார்பர், சைலன்சர் கிளாம்புகள். எங்க வீட்டுக்காரர் இதற்கு "சாயங்கால பூஜை" என்று பெயர் வைத்திருக்கிறார். தளர்ந்த போல்ட் அன்றைக்கே கண்ணில் பட்டால் அரை நிமிட வேலை. விட்டுவிட்டால் ஓட்டை பெரிதாகி, வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டிவரும்.

சட்டம் சொல்வது

டெக்சஸில் 25 வயது தாண்டிய காருக்கு 'ஆன்டிக்' நம்பர் பிளேட் வாங்கலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். ஆனால் கண்காட்சி, கிளப் கூட்டம், ஊர்வலம், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடம் வேலைக்கும் கடைக்கும் ஓட்ட வேண்டுமென்றால் 'கிளாசிக்' பிளேட் அல்லது சாதாரணப் பதிவு வேண்டும். காலின் கவுண்டியில் இருக்கும் புகைப் பரிசோதனை 24 வயது வரையுள்ள பெட்ரோல் கார்களுக்குத்தான். 2025 ஜனவரி முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஆண்டுதோறும் செய்துவந்த பாதுகாப்புப் பரிசோதனையையும் மாநிலம் எடுத்துவிட்டது. அதாவது, என் காரின் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க இப்போது அரசாங்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவர் தலையில்.

ஊரிலிருந்து காரைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: 25 வயதைத் தாண்டிய கார்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு, வலப்பக்க ஸ்டியரிங்கும் தடையில்லை. இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, அடிப்படை மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். அந்தப் பதிவில் உள்ள காரை அன்றாடத் தேவைக்கு ஓட்ட முடியாது.

பள்ளத்தைக் கண்டால் திட்டிவிட்டுப் போகாமல் ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊர்த்தெருவென்றால் மாநகராட்சி, எஃப்.எம். ரோடென்றால் மாநிலப் போக்குவரத்துத் துறை, சரளை ரோடு பெரும்பாலும் கவுண்டி. பிளானோவில் 'ஃபிக்ஸ் இட் பிளானோ' என்ற செயலியில் படத்தோடு புகார் கொடுக்கலாம். வேகமாகப் போகிறவர்களுக்குப் பள்ளம் இருந்த இடமே நினைவிருக்காது. மெதுவாகப் போகிறவர்கள்தான் சரியான இடத்தைச் சொல்ல முடியும்.

இதைப் படிப்பவர்களில் சிலரது வீட்டில், பிளானோவிலோ கோவில்பட்டியிலோ, அப்பாவோ மாமாவோ ஓட்டிய ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர் ஏதாவது துணி போர்த்தி நிற்கலாம். "ரோடு சரியில்லை" என்று சொல்லி அதை நிறுத்தி வைத்திருப்பீர்கள். நிற்கிற காரில்தான் டயர் ஒரு பக்கம் சப்பையாகிறது, பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கிறது, பெட்ரோல் பிசினாகிறது. டயரின் தேதியைப் பாருங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், புஷ் மூன்றையும் மாற்றுங்கள். பிறகு வெயில் ஏறும் முன் ஒரு காலையில் வெளியே எடுத்து, 30 மைலுக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். நல்ல ரோடு வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் கார் போய்விடும்.